ஜாபிக்ஸ் 7.0: பல ஊர்ச் சர்வர்களை ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள நம்பலாமா?

ஒரு சர்வரின் டிஸ்க் நிரம்பப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் ஆகும். அத்தனை நாளும் யாரும் அதைப் பார்க்காததால்தான் ஏதோ ஒரு நள்ளிரவில் டேட்டாபேஸ் நின்றுபோகிறது. சர்வர் ஐந்தாக இருக்கும்வரை தினமும் காலையில் ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து பார்த்துவிடலாம். இருபதைத் தாண்டி, மூன்று நான்கு ஊர்களில் சிதறிக் கிடந்தால் அது நடக்கிற காரியம் இல்லை. இந்த வேலைக்கென்றே இருக்கும் மென்பொருள்களில் ஜாபிக்ஸை எடுத்துக்கொண்டு, அதன் 7.0 பதிப்பு எதைச் சரியாகச் செய்கிறது, எங்கே காலை வாருகிறது என்று இங்கே பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன்றிரண்டு அட்மின்களை மட்டும் வைத்துக்கொண்டு இருபது முதல் ஐந்நூறு சர்வர்வரை ஓட்டும் அலுவலகத்துக்கு, காசில்லாமல் கிடைப்பவற்றில் இதைவிட முழுமையானதைக் காட்டுவது கடினம். ஆனால் நிறுவிய கையோடு அப்படியே விட்டுவிட்டால் ஒரு மாதத்துக்குள் இரண்டு கெடுதல் நடக்கும். அலர்ட் கொட்டிக்கொண்டே இருப்பதால் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள். டேட்டாபேஸ் ஊதிப் பெருத்து ஜாபிக்ஸே தள்ளாடும். இரண்டுக்கும் மருந்து உண்டு, அது ஜாபிக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. தேடி எடுத்துப் போடவேண்டியது நம் வேலை.

அலெக்ஸெய் விளாடிஷெவ் என்பவர் 1998-ல் ஒரு வங்கியின் உள்வேலைக்காக எழுதத் தொடங்கியது இது. 2001-ல் பொதுவில் வெளியானது. 2005-ல் லாட்வியாவின் ரீகா நகரில் இதற்கென்று நிறுவனம் உருவானது. 7.0 பதிப்பு 2024 ஜூனில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு. மூன்று ஆண்டு முழு ஆதரவு, அதற்குப்பின் இரண்டு ஆண்டு முக்கியப் பிழைகளுக்கும் பாதுகாப்புக் கோளாறுகளுக்கும் மட்டும் திருத்தம். இந்தப் பதிப்பிலிருந்து உரிமம் ஜிபிஎல் 2-லிருந்து ஏஜிபிஎல் 3-க்கு மாறிவிட்டது. அலுவலகத்துக்குள் வைத்துப் பயன்படுத்துபவருக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. மூலநிரலைத் திருத்தி வாடிக்கையாளருக்குச் சேவையாக விற்பவர் மட்டும் உரிமத்தை ஒருமுறை படித்துக்கொள்ளட்டும்.

நிறுவும்போது

ஜாபிக்ஸ் சர்வர், டேட்டாபேஸ், வலைமுகப்பு, ஒவ்வொரு கணினியிலும் போட்டு அதன் நிலையை அளந்து தரும் ஏஜென்ட் என்று நான்கு பாகம். ஐம்பது சர்வர் அளவுக்கு முதல் மூன்றையும் ஒரே இயந்திரத்தில் வைக்கலாம். 4 கோர், 16 ஜிபி மெமரி, எஸ்எஸ்டி டிஸ்க் போதும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் போடாதீர்கள். ஜாபிக்ஸ் இடைவிடாமல் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருக்கும். பழைய டிஸ்க்கால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல் எடுத்தால் மூன்று இடத்தில் தடுக்கும். டேட்டாபேஸை யுடிஎஃப்8-எம்பி4 எழுத்துத் தொகுதியிலும் அதன் ‘பின்’ கொலேஷனிலும் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) உருவாக்கவேண்டும்; வேறு கொலேஷனில் உருவாக்கினால் முகப்பு எச்சரிக்கை காட்டும். ஸ்கீமாவை (டேபிள்களின் அமைப்பு) ஏற்றுவதற்கு முன் ‘லாக் பின் ட்ரஸ்ட் ஃபங்ஷன் க்ரியேட்டர்ஸ்’ என்ற அமைப்பை 1 ஆக்கி, ஏற்றி முடித்ததும் மறக்காமல் 0-வுக்குத் திருப்பவேண்டும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: இன்னோடிபி பஃபர் பூல் இயல்பாக 128 எம்பிதான். 16 ஜிபி இயந்திரத்தில் அதை 6 அல்லது 8 ஜிபிக்கு உயர்த்தாமல் ‘ஜாபிக்ஸ் மெதுவாக இருக்கிறது’ என்று புலம்புவதில் நியாயம் இல்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை போஸ்ட்க்ரெஸ்எஸ்க்யூஎல், அதன்மேல் டைம்ஸ்கேல்டிபி என்ற நீட்சி. காரணம் பின்னால் வருகிறது.

ரெட்ஹேட் குடும்ப லினக்ஸில் சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே முகப்பு ‘ஜாபிக்ஸ் சர்வர் ஓடவில்லை’ என்று சொல்லும். பெரும்பாலும் அது லினக்ஸின் பாதுகாப்புக் காவலான எஸ்ஈலினக்ஸின் வேலை. வலைச் சர்வர் 10051 போர்ட்டைத் தொட அனுமதி தரும் பூலியன் ஒன்று இருக்கிறது, அதை இயக்கினால் சரியாகிவிடும். எஸ்ஈலினக்ஸையே அணைப்பது எளிது; அணைக்காதீர்கள். முதல் நுழைவுக்கான பெயர் பெரிய ‘ஏ’ எழுத்துடன் ‘அட்மின்’, பாஸ்வேர்டு ‘ஜாபிக்ஸ்’. உலகம் முழுக்கத் தெரிந்த பாஸ்வேர்டு அது என்பதால், உள்ளே போனதும் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

ஏஜென்ட்: யார் யாரைக் கூப்பிடுவது

ஜாபிக்ஸில் பழைய சி மொழி ஏஜென்ட்டும் கோ மொழியில் எழுதிய ஏஜென்ட் 2-ம் உண்டு. புதிய லினக்ஸ், விண்டோஸ் எல்லாவற்றிலும் ஏஜென்ட் 2 போடுங்கள். டாக்கர், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்க்ரெஸ், வலைத்தளச் சான்றிதழ் காலாவதி ஆகியவற்றைப் பார்க்கத் தனி ஸ்கிரிப்ட் எழுதத் தேவையில்லை. டாக்கரைப் பார்க்க ஏஜென்ட்டின் ‘ஜாபிக்ஸ்’ பயனரை டாக்கர் குழுவில் சேர்க்கவேண்டும். டாக்கர் குழு என்றால் கிட்டத்தட்ட ரூட் உரிமை (கணினியின் முழு அதிகாரம்) என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அதைச் செய்யுங்கள்.

முக்கியமான தேர்வு பாஸிவா ஆக்டிவா என்பது. பாஸிவ் முறையில் ஜாபிக்ஸ் சர்வர், ஏஜென்ட்டின் 10050 போர்ட்டுக்கு வந்து கேட்கும். ஆக்டிவ் முறையில் ஏஜென்ட்டே சர்வரின் 10051 போர்ட்டுக்குப் போய்த் தரும். எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் எது வேண்டுமானாலும் சரி. தொலைவில், ரவுட்டருக்குப் பின்னால், நிலையான ஐபி இல்லாத பிராட்பேண்டில் சர்வர் இருந்தால் ஆக்டிவ்தான் வழி. அந்த ஊரில் எந்தப் போர்ட்டையும் வெளியே திறக்கவேண்டாம். வெளியே போகும் இணைப்பு ஒன்றே போதும்.

ஆக்டிவுக்கு ஏஜென்ட்டின் கான்ஃபிக் கோப்பில் இரண்டு வரி: ‘சர்வர்ஆக்டிவ்’ என்பதில் ஜாபிக்ஸ் சர்வரின் முகவரி, ‘ஹோஸ்ட்நேம்’ என்பதில் முகப்பில் கொடுத்த அதே பெயர். அதே என்றால் எழுத்துக்கு எழுத்து அதே. பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் ‘ஹோஸ்ட் இல்லை’ என்று லாகில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கும் (ஹோஸ்ட் என்றால் கண்காணிக்கப்படும் கணினி அல்லது சாதனம்). முகப்பில் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கும் பெயர் வேறு, உள்பெயர் வேறு. பொருந்தவேண்டியது உள்பெயர். ஏஜென்ட் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இங்கே முடிந்துவிடும். எதை அளப்பது, எப்போது எச்சரிப்பது என்ற தயார்ப் பட்டியலான டெம்ப்ளேட்டிலும் ‘ஆக்டிவ்’ என்று பெயரில் இருப்பதைத்தான் இணைக்கவேண்டும். பாஸிவ் டெம்ப்ளேட்டை ஆக்டிவ் ஏஜென்ட்டுக்கு மாட்டினால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் ஒரு தரவும் வராது.

பாஸிவில் வரும் தொல்லை வேறு. ஜாபிக்ஸ் கெட் என்ற சின்னக் கருவியால் ‘ஏஜென்ட் டாட் பிங்’ கேட்டுப் பாருங்கள். 1 என்று வந்தால் பாதை சரி. இணைப்பு கிடைத்த உடனே அறுந்தால், ஏஜென்ட்டின் ‘சர்வர்’ வரியில் உங்கள் ஜாபிக்ஸின் ஐபி இல்லை என்று பொருள். காத்திருந்து காத்திருந்து டைம்அவுட் ஆனால் ஃபயர்வால். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

ஐம்பது சர்வரையும் முகப்பில் ஒவ்வொன்றாகச் சேர்க்கவேண்டியதில்லை. கான்ஃபிக் கோப்பில் ‘ஹோஸ்ட்மெட்டாடேட்டா’ வரியில் ‘லினக்ஸ்-வெப்’, ‘லினக்ஸ்-டிபி’ என்று ஒரு அடையாளம் கொடுத்து, அந்த அடையாளம் வந்தால் எந்தக் குழு, எந்த டெம்ப்ளேட் என்று ஆட்டோரெஜிஸ்ட்ரேஷன் ஆக்‌ஷன் ஒன்றை எழுதிவிட்டால் ஏஜென்ட் தானே வந்து பதிந்துகொள்ளும்.

ப்ராக்ஸி

ஒரே கிளையில் ஐந்தாறு இயந்திரத்துக்கு மேல் இருந்தால் அங்கே ஒரு ப்ராக்ஸி போட்டுவிடுவது நல்லது. பழைய மினி பிசி ஒன்று போதும். ப்ராக்ஸிக்கு எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸே தாங்கும். கிளையில் இருக்கும் சர்வர், ஸ்விட்ச், யுபிஎஸ், கேமரா ரெக்கார்டர் எல்லாவற்றிடமும் ப்ராக்ஸி கேட்டு வாங்கி, ஒரே இணைப்பில் தலைமையிடத்துக்கு அனுப்பும். யுபிஎஸ்ஸில் எஸ்என்எம்பி (சாதனங்களின் நிலையை நெட்வொர்க் வழியே கேட்டறியும் முறை) கார்டு இருந்தால் பேட்டரியில் எத்தனை நிமிடம் மிச்சம் என்பதுகூட வந்துவிடும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் சிபியு வரைபடத்தைவிட இது பெரிய உதவி.

ப்ராக்ஸியின் பெருமை, இணைய இணைப்பு அறுந்தாலும் தரவைச் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்புவது. ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? ‘ப்ராக்ஸிஆஃப்லைன்பஃபர்’ என்ற அமைப்பு இயல்பாக 1 மணி நேரம்தான். ஃபைபர் அறுந்தால் ஒரு மணி நேரத்தில் யார் வந்து ஒட்டுகிறார்கள்? சனிக்கிழமை மாலை போன இணைப்பு திங்கள் காலை வந்தால், நடுவில் என்ன நடந்தது என்பது தெரியாமலே போய்விடும். அதை 72 மணி நேரமாக்குங்கள், டிஸ்க்கில் சில ஜிபி கூடுதலாக விடுங்கள். 7.0-வில் ப்ராக்ஸி தரவை மெமரியிலேயே வைத்துக்கொள்ளும் முறையும் வந்திருக்கிறது. வேகமானதுதான், ஆனால் மெமரி நிறைந்ததும் பழையது போய்விடும். கிளைகளுக்கு, மெமரி நிறைந்தால் டிஸ்க்குக்கு மாறும் ‘ஹைப்ரிட்’ முறையே ஏற்றது.

பெரிய இடங்களுக்கு 7.0 தந்த நல்ல அம்சம் ப்ராக்ஸி குழு. இரண்டு மூன்று ப்ராக்ஸியை ஒரு குழுவாக்கினால் ஒன்று படுத்தாலும் மற்றவை அதன் ஹோஸ்ட்களை எடுத்துக்கொள்ளும். ஒரு கிளைக்கு ஒரு மினி பிசி வைப்பவருக்கு இதனால் பயனில்லை.

அலர்ட்: எல்லாம் இங்கேதான் இருக்கிறது

முதலில், அலர்ட் வரவே இல்லை என்ற புகார். நிறுவியதும் ‘நிர்வாகிகளுக்குத் தெரிவி’ என்ற ஆக்‌ஷன் ஒன்று தயாராக இருக்கும், ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கவேண்டும். மீடியா டைப்பில் மின்னஞ்சலோ டெலிகிராமோ அமைத்து அதையும் இயக்கவேண்டும். ஒவ்வொரு பயனரின் கணக்கிலும் அவர் முகவரியைச் சேர்க்கவேண்டும். இந்த மூன்றையும் செய்தும் வராவிட்டால், அந்தப் பயனரின் குழுவுக்கு அந்த ஹோஸ்ட் குழுவைப் படிக்கும் அனுமதி இல்லை. அனுமதி இல்லாதவருக்கு ஜாபிக்ஸ் அலர்ட் அனுப்பாது. டெலிகிராம் குழுவுக்கு அனுப்புபவர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: சாதாரணக் குழு சூப்பர்குரூப்பாக மாறும்போது அதன் எண் மாறிவிடும். நேற்றுவரை வந்த அலர்ட் இன்று வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, அலர்ட் நிற்கவே இல்லை என்ற புகார். இதுதான் ஆபத்தானது. ஒரு நாளைக்கு இருநூறு செய்தி வரும் டெலிகிராம் குழுவை யாரும் படிப்பதில்லை, சத்தத்தை அணைத்துவிடுகிறார்கள். பிறகு இருநூற்றியோராவது செய்தியாக வரும் ‘ரெய்டு டிஸ்க் பழுது’ என்பதும் அதில் புதைந்துவிடும்.

விண்டோஸ் டெம்ப்ளேட்டை மாட்டிய அன்றே தொடங்கும். தானாகத் தொடங்கும் வகை சர்வீஸ் எது நின்றிருந்தாலும் அது அலர்ட் எழுப்பும். விண்டோஸில் வேலை முடிந்ததும் தானே நின்றுவிடும் சர்வீஸ்கள் நிறைய. உலாவிகளின் அப்டேட் சர்வீஸ் ஒன்று போதும் உயிரை வாங்க. சர்வீஸ் பெயரை விலக்கும் மேக்ரோவில் (டெம்ப்ளேட்டில் நாம் மாற்றக்கூடிய மதிப்பு) அவற்றைச் சேர்த்துக்கொண்டே வரவேண்டும். இதைவிடச் சரியான வழி, உங்களுக்கு முக்கியமான ஏழெட்டு சர்வீஸை மட்டும் சேர்க்கும் மேக்ரோவில் எழுதி மற்றதை விட்டுவிடுவது.

லினக்ஸ் டெம்ப்ளேட்டில், ஸ்வாப்பில் (மெமரிக்குத் துணையாக டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) காலியிடம் பாதிக்குக்கீழ் போனால் எச்சரிக்கும் ட்ரிகர் (பிரச்சினை என்று அறிவிக்கும் நிபந்தனை) இருக்கிறது. மாதக்கணக்கில் ரீஸ்டார்ட் ஆகாத சர்வரில் ஸ்வாப் மெல்ல நிறைவது இயல்பு, அதனால் கெடுதல் இல்லை. மேக்ரோவை 10 சதவீதமாக்கிவிடலாம். மெமரிக்கு அது எடுக்கும் அளவு நல்ல அளவு: கேஷாகப் பிடித்துவைத்திருப்பதைப் பயன்பாடு என்று கணக்கிடாது.

டிஸ்க்குக்கு 80 சதவீதம் எச்சரிக்கை, 90 சதவீதம் அபாயம் என்று டெம்ப்ளேட் வைத்திருக்கிறது. 20 ஜிபி ரூட் பார்ட்டிஷனில் 90 சதவீதம் என்றால் மிச்சம் 2 ஜிபி. ஒரு இரவு லாக் அதை முடித்துவிடும். 4 டிபி பேக்கப் டிஸ்க்கில் 90 சதவீதம் என்றால் மிச்சம் 400 ஜிபி. இரவில் யாரையும் எழுப்பவேண்டிய அவசியமே இல்லை. ஒரே எண் இரண்டுக்கும் பொருந்தாது. ஜாபிக்ஸ் மேக்ரோவில் மவுன்ட் பெயரைச் சேர்த்து ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி வரம்பு கொடுக்கலாம். இந்த வசதியைத் தெரிந்துகொள்ளாமல் டெம்ப்ளேட்டையே நகலெடுத்துத் திருத்துபவர்கள் அடுத்த அப்டேட்டில் மாட்டிக்கொள்வார்கள்.

இதைவிட மேலானது ‘டைம்லெஃப்ட்’ என்ற ஃபங்ஷன். இப்போதுபோல் நிரம்பினால் எப்போது முழுதாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். ஆனால் அதற்குக் கொடுக்கும் காலஅளவில்தான் சூட்சுமம். ஒரு மணி நேரத் தரவை வைத்துக் கணக்கிடச் சொன்னால், இரவு பேக்கப் 40 ஜிபி கோப்பை எழுதும்போது ‘இன்னும் ஐம்பது நிமிடத்தில் டிஸ்க் நிரம்பிவிடும்’ என்று அலறும். மூன்று நாள் தரவு கொடுத்து, மீதம் ஐந்து நாளுக்குக் குறைந்தால் சொல் என்று எழுதினால், பகல் நேரத்தில் அமைதியாகப் போய்த் துடைக்கலாம். கூடவே ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவு) தீர்வதற்கான அலர்ட்டை அணைக்காதீர்கள். இடம் பாதி காலியாக இருந்தும் கோப்பு உருவாகவில்லை என்றால் காரணம் அதுதான்; செஷன் கோப்புகள் குவியும் வலைச் சர்வரிலும் மெயில் சர்வரிலும் இது வரும்.

சிபியு 90-ஐத் தொட்டுத் தொட்டு இறங்கினால் பிரச்சினை, சரியானது, பிரச்சினை, சரியானது என்று மாறி மாறி வரும். எழுப்புவதற்கு ஒரு வரம்பு, அடங்குவதற்கு வேறொரு வரம்பு கொடுங்கள்: பத்து நிமிடச் சராசரி 90-க்கு மேல் போனால் பிரச்சினை, 75-க்குக்கீழ் வந்தால்தான் சரி. இதற்கென்றே ‘ரெகவரி எக்ஸ்ப்ரெஷன்’ என்ற கட்டம் ட்ரிகரில் இருக்கிறது.

ஸ்விட்ச் ஒன்று படுத்தால் அதன் பின்னால் இருக்கும் முப்பது சர்வரும் படுத்ததாக முப்பது அலர்ட் வரும். டிபென்டென்சி கட்டினால் ஸ்விட்ச் ஒன்றுக்குத்தான் வரும். இதில் ஜாபிக்ஸ் மேல் நமக்கு உண்மையான மனக்குறை உண்டு. இந்த ஹோஸ்ட் அந்த ஹோஸ்ட்டைச் சார்ந்தது என்று ஒரே வரியில் சொல்ல வழியில்லை. ட்ரிகருக்கு ட்ரிகர் கட்டவேண்டும். குறைந்தபட்சம் ‘பிங் இல்லை’, ‘ஏஜென்ட் இல்லை’ என்ற இரண்டு ட்ரிகருக்காவது கட்டிவையுங்கள்.

யாருக்கு எப்போது என்பதையும் படிப்படியாக எழுதலாம். உடனே பணியில் இருப்பவருக்கு டெலிகிராம். பதினைந்து நிமிடத்தில் அவர் ‘பார்த்தேன்’ என்று பதியாவிட்டால் இரண்டாமவருக்கு. இன்னும் அரைமணி போனால் மேலாளருக்கு. படிகளுக்கு இடையே உள்ள நேரம் இயல்பாக 1 மணி நேரம் என்று இருக்கும், அதை மாற்றுங்கள். பராமரிப்பு நேரம் குறிக்கும்போது ‘தரவு சேகரிப்புடன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதை எடுத்தால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு வரைபடத்தில் ஓட்டை விழும், மாற்றத்துக்குப்பின் என்ன ஆனது என்று பார்க்க ஒன்றும் இருக்காது.

டேட்டாபேஸ் ஊதுவது

கணக்கு எளிது. ஐம்பது சர்வர், ஒவ்வொன்றிலும் நூறு அளவை, நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நொடிக்குச் சுமார் 83 மதிப்பு. ஒரு எண் மதிப்புக்குச் சுமார் 90 பைட். முப்பது நாள் வைத்தால் 21.6 கோடி மதிப்பு, கிட்டத்தட்ட 19 ஜிபி. ஏழு நாள் மட்டும் வைத்தால் நாலரை ஜிபி. மணிக்கொருமுறை குறைந்தது, கூடியது, சராசரி என்று சுருக்கி வைக்கும் ‘ட்ரெண்டு’ அதே ஐயாயிரம் அளவைக்கு ஓராண்டுக்கு 4 ஜிபிதான் ஆகும். ஆகவே விவரமான தரவை 7 அல்லது 14 நாள், ட்ரெண்டை ஓராண்டு வையுங்கள். போன தீபாவளிக்கு முந்தைய வாரம் எவ்வளவு சுமை என்று பார்க்க ட்ரெண்டே போதும். இணைக்கப்பட்ட மெமரி எவ்வளவு, கெர்னல் பதிப்பு எது போன்ற மாறாதவற்றை நிமிடத்துக்கொருமுறை கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

பழைய தரவைக் கழிப்பது ‘ஹவுஸ்கீப்பர்’. அது வரி வரியாக அழிப்பதால் டேபிள் பெரிதானதும் மூச்சுத்திணறும். ‘ஹவுஸ்கீப்பர் 75 சதவீதத்துக்கு மேல் பிஸி’ என்ற அலர்ட்டே அதன் அறிகுறி. அழித்தாலும் மைஎஸ்க்யூஎல் கோப்பின் அளவு குறையாது. டைம்ஸ்கேல்டிபி நாள்வாரியாகத் துண்டு போட்டு வைத்துக்கொண்டு பழைய துண்டை மொத்தமாகத் தூக்கிப் போடும், பழையதைச் சுருக்கியும் வைக்கும். மேலே போஸ்ட்க்ரெஸைச் சொன்னதற்குக் காரணம் இதுதான். மைஎஸ்க்யூஎல்லில் பார்ட்டிஷன் கையால் அமைக்கவேண்டும்.

இன்னொரு எண்: ‘கேஷ்சைஸ்’, ஜாபிக்ஸ் சர்வர் ஹோஸ்ட் விவரங்களை வைத்துக்கொள்ளும் மெமரி. இயல்பாக 32 எம்பி. ஹோஸ்ட்கள் கூடக்கூட அது நிறையும்; முழுதும் தீர்ந்தால் ஜாபிக்ஸ் சர்வர் தானே நின்றுவிடும், லாகில் ‘கேஷ்சைஸைக் கூட்டு’ என்று எழுதிவிட்டு. ஐம்பது சர்வருக்கு மேல் போகப்போகிறீர்கள் என்றால் முதல் நாளே 256 எம்பி கொடுத்துவிடுங்கள்.

பார்ப்பது சரி, இயக்குவது?

பிரச்சினை வந்தால் தொலைவிலிருந்தே ஒரு கமாண்டை ஓடவிட ஜாபிக்ஸால் முடியும். ஏஜென்ட்டில் இது இயல்பாகத் தடுக்கப்பட்டிருக்கும், அது சரியான முடிவு. ‘அலவ்கீ’ வரியில் நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள். ‘என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்’ என்ற அந்த ஒரு கமாண்டை மட்டும் முழுதாக எழுதி அனுமதியுங்கள். ஏஜென்ட் ரூட்டாக ஓடாது என்பதால் அதே ஒரு கமாண்டுக்குச் சூடோ அனுமதியும் தரவேண்டும். 7.0-வுக்கு முன் இது பாஸிவ் ஏஜென்ட்டில் மட்டும் நடந்தது. இப்போது ஆக்டிவிலும் நடக்கிறது. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கிளைகளுக்கு இது பெரிய வரவு.

தானியங்கி ரீஸ்டார்ட்டை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். மெமரி கசியும் ஒரு சர்வீஸை ஜாபிக்ஸ் தினமும் மூன்றுமுறை எழுப்பிவிட்டுக்கொண்டே இருந்தால் கசிவை யாரும் தேட மாட்டார்கள். ஒருமுறை மட்டும் முயன்று, முயன்றதையும் தெரிவித்து, மறுபடி விழுந்தால் மனிதரைக் கூப்பிடும்படி அமைத்துவிடுங்கள்.

இதற்குமேல் மேலாண்மை என்று ஜாபிக்ஸிடம் எதிர்பார்க்கவேண்டாம். ஐம்பது சர்வருக்கும் பேட்ச் போட, பயனரைச் சேர்க்க, கான்ஃபிக் கோப்பை ஒரே மாதிரி வைக்க ஆன்சிபிள்தான் சரியான கருவி. ஜாபிக்ஸில் இருக்கும் ஹோஸ்ட் பட்டியலையே ஆன்சிபிள் எடுத்துக்கொள்ளும்படி இணைக்கலாம். பட்டியலை இரண்டு இடத்தில் எழுதிக் குழம்பவேண்டாம்.

இயங்குதளமே உறைந்துவிட்டால் ஏஜென்ட்டாலும் ஒன்றும் ஆகாது. அப்போது கைகொடுப்பது மதர்போர்டில் தனியாக ஓடும் ஐட்ராக், ஐஎல்ஓ போன்ற கட்டுப்பாட்டுச் சில்லு. அதன் வழியே விசிறி, வெப்பம், பவர் சப்ளை எல்லாவற்றையும் ஐபிஎம்ஐ முறையில் ஜாபிக்ஸ் படிக்கும். ஆனால் ‘ஸ்டார்ட்ஐபிஎம்ஐபோலர்ஸ்’ இயல்பாக 0 என்று இருப்பதால், முகப்பில் எல்லாம் சரியாக அமைத்தும் தரவு வராது. 3 என்று மாற்றி ஜாபிக்ஸ் சர்வரை ரீஸ்டார்ட் செய்யவேண்டும். அந்தச் சில்லுகளை ஒருபோதும் இணையத்தில் நேராகத் திறந்துவைக்காதீர்கள். தனி விலான், விபிஎன் வழியாக மட்டும்.

சாவிக்கொத்தைக் காப்பது

எல்லாச் சர்வரையும் தொடும் மென்பொருள், திருடனுக்கும் பிடித்த மென்பொருள். 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் ஓரியன் தாக்குதல், 2021 ஜூலையில் நடந்த கசேயா தாக்குதல் இரண்டிலும் கண்காணிப்பு, மேலாண்மைக் கருவியின் வழியேதான் உள்ளே போனார்கள். ஜாபிக்ஸிலும் 2024 நவம்பரில் வெளியான எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் கோளாறு 10-க்கு 9.9 மதிப்பெண் பெற்றது. ஏபிஐ அனுமதியுள்ள சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றே போதும் என்ற நிலை. 7.0.0-வும் அதில் சிக்கியது, 7.0.1-ல் திருத்தினார்கள். முதல் வெளியீட்டிலேயே தங்கிவிடாமல் சிறு அப்டேட்களை உடனுக்குடன் போடுங்கள். முகப்பை விபிஎன்னுக்குள் வையுங்கள். இருபடி உறுதிப்பாடு 7.0-வில் உள்ளேயே வந்துவிட்டது, இயக்குங்கள்.

இணையம் கடந்து பேசும் ஏஜென்ட், ப்ராக்ஸி எல்லாவற்றுக்கும் குறியாக்கம் வேண்டும். முன்பகிர்வுச் சாவி முறை எளிது: ஓப்பன்எஸ்எஸ்எல் கொண்டு 32 பைட் சீரற்ற எண்ணை ஹெக்ஸாக எடுத்து, ஒரு கோப்பில் வைத்து, அதை ‘ஜாபிக்ஸ்’ பயனர் மட்டும் படிக்கும்படி 400 அனுமதி கொடுங்கள். சாவியின் அடையாளப் பெயர் குறியாக்கம் இல்லாமல் போகும் என்பதால் அதில் ரகசியம் எதையும் எழுதக்கூடாது. ஒரே அடையாளப் பெயரை இரண்டு வெவ்வேறு சாவிக்கு வைத்தாலும் இணைப்பு ஆகாது.

ஜாபிக்ஸே நின்றுவிட்டால் அமைதிதான் நிலவும். எல்லாம் நலம் என்று தோன்றும். 6.0 முதல் இரண்டு சர்வரை வைத்து ஒன்று விழுந்தால் மற்றது எழும் வசதி இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் டேட்டாபேஸ் ஒன்றுதான். எனவே வேறொரு இடத்தில், வேறொரு இணைப்பில், அப்டைம் கூமா போன்ற சின்னக் கருவியை வைத்து ஜாபிக்ஸ் முகப்பை நிமிடத்துக்கொருமுறை தட்டிப் பார்க்கவையுங்கள்.

மற்றவற்றோடு

குபர்நெட்டீஸும் கன்டெய்னருமாக ஓடுபவருக்கு ப்ரோமிதியஸ் இதைவிடப் பொருத்தம். நிமிடத்தில் பிறந்து மறையும் கன்டெய்னரை ஹோஸ்ட் என்று பதிவது ஜாபிக்ஸின் இயல்புக்கு ஒட்டாது. ஆனால் ப்ரோமிதியஸ் இயல்பாக 15 நாள் தரவுதான் வைக்கும். வரைபடத்துக்குக் கிராஃபனா, அலர்ட்டுக்கு அலர்ட்மேனேஜர் என்று மூன்றைச் சேர்த்துக் கட்டவேண்டும். நாகியோஸ் இன்றும் உறுதியானதுதான், ஆனால் கோப்பு எழுதியே காலம் போகும். இதையெல்லாம் கற்க ஆளும் நேரமும் இல்லை, தொலைபேசியில் கூப்பிட்டால் உதவவேண்டும் என்றால் சென்னையின் ஜோஹோவிலிருந்து வரும் மேனேஜ்இன்ஜின் ஓப்மேனேஜரைப் பாருங்கள். சாதன எண்ணிக்கைக்குக் கட்டணம். அதற்கு ஈடாக நிறுவிய அன்றே ஒழுங்காக வேலை செய்யும். எஸ்என்எம்பி ஸ்விட்ச்களை அது கண்டுபிடித்து வரைபடம் போடுவது ஜாபிக்ஸைவிட அழகாகவே இருக்கும்.

ஏற்கெனவே 6.0-வில் இருப்பவர் 7.0-வுக்கு வரும்போது கவனிக்க: சர்வர் முதல்முறை எழும்போதே டேட்டாபேஸை மாற்றிவிடும், திரும்பிப் போக வழியில்லை. டேட்டாபேஸ் பேக்கப் எடுத்து, அதை வேறொரு இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்து உறுதிசெய்தபின் தொடங்குங்கள். பிஎச்பி 8.0-வாவது வேண்டும். 6.0-வுக்கும் முன்பிருந்தே ஓடிவரும் டேட்டாபேஸ் என்றால் ஹிஸ்டரி டேபிள்களுக்கு முதன்மைச் சாவி தானாக வராது, தனி ஸ்கிரிப்ட் ஓட்டவேண்டும். கிளை ப்ராக்ஸிகள் சர்வரின் பதிப்புக்கு வரும்வரை தரவு அனுப்பிக்கொண்டிருக்கும், ஆனால் புதிதாகச் சேர்க்கும் ஹோஸ்ட்களை எடுத்துக்கொள்ளாது. அந்த வாரத்துக்குள் அவற்றையும் மாற்றிவிடுங்கள். ஏஜென்ட்களுக்கு அவசரம் இல்லை, பழையவை அப்படியே பேசும்.